ஏணி வைத்துப் பறித்த ஏலக்காய்

போடிக்கு ரயில் மறுபடியும் வரத் தொடங்கியிருந்த புதிது. அந்த வருடக் கடைசியில், அரையாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டிருந்த வாரத்தில் நடந்தது இது. பாதி எங்கள் தெருவில் நடந்தது, மீதி போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில். வெளியே சொன்னால் எனக்குத்தான் அசிங்கம். ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்குப் பழகிவிட்டது.

முதலில் நான் யாரென்று சொல்ல வேண்டும். போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் பதினான்கு வருடமாகக் காய் தரம் பிரிக்கிறேன். மலையிலிருந்து காய்ந்து வரும் காயைச் சல்லடையில் சலித்து, பருமன் வாரியாகப் பிரித்து, முறத்தில் பரப்பி, பிளந்தது, வெளுத்தது, பூச்சி அரித்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறிய வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரலில் உருட்டினாலே ஏழு மில்லிமீட்டரா எட்டு மில்லிமீட்டரா என்று சொல்லிவிடுவேன். என் சேலை, தலையணை, தலைமுடி எல்லாம் ஏலக்காய் மணம்தான். வெளியூர் பஸ்சில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், "போடியா?" என்று கேட்பார்கள். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

எனக்கு ஒரே மகள். சின்ன வயதில் அவளுக்குப் படக்கதைப் புத்தகம் என்றால் உயிர். வாங்கிக் கொடுத்த ஏழெட்டுப் புத்தகத்தையே திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லி என் தொண்டையை வற்ற வைப்பாள். நான் ஒரு வரி விட்டுவிட்டுத் தாண்டினால், "அம்மா, ஏமாத்தாத" என்று முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வாள். அவள் கல்லூரிக்காகக் கோயம்புத்தூர் விடுதிக்குப் போன பிறகு ஒருநாள் பரணைத் துடைக்கும்போது அந்தப் புத்தகங்கள் கிடைத்தன. மூலையெல்லாம் மடங்கி, ஒன்றில் இட்லித் துணுக்கு ஒட்டிக் காய்ந்துபோய் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சத்தமாகப் படித்தேன், கேட்க ஆளில்லாமல். அன்றைக்கு வந்த ஆசைதான், இந்த மாதிரி ஒரே ஒரு புத்தகம் நான் எழுத வேண்டும் என்று. அதற்கு முன்னால் மளிகைச் சீட்டைத் தவிர எதையும் எழுதியவள் இல்லை.

மதுரையில் படக்கதை எழுதச் சொல்லித் தருகிறார்கள், நன்றாக வரும் கதையைப் புத்தகமாகவும் போடுவார்கள் என்று மகள்தான் எங்கோ பார்த்துச் சொன்னாள். வெள்ளிக்கிழமை சாயங்கால ரயிலில் போய்த் தங்கை வீட்டில் தங்கி, சனிக்கிழமை முழுதும் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் வழியனுப்பும்போதே, "எழுத்தாளரம்மா, திரும்பி வாறப்ப மாலையோட வரணுமா?" என்று நக்கல் அடித்தார்.

வகுப்பு எடுத்தவர் ஒரு சின்ன பதிப்பகத்தின் ஆசிரியர். என்னைவிட நாலைந்து வயது இளைய பெண்மணி. நாலு தாளை மடித்து நடுவில் தைத்துப் பதினாறு பக்கப் புத்தகம் செய்யச் சொன்னார். எந்த வரி எந்தப் பக்கத்தில் வரும் என்று அதில் எழுதிப் பார்க்க வேண்டும். படம் சொல்வதை வார்த்தை திரும்பச் சொல்லக் கூடாது என்றார். நான் 'பச்சைப் பசேலென்ற மலைச்சரிவிலே' என்று எழுதியதைப் பார்த்துவிட்டு, "பச்சையை ஓவியர் பார்த்துக்கொள்வார், நீங்கள் கதையைப் பாருங்கள்" என்று சொல்லி அந்த வரியை அடித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. அதைவிடப் பெரிய பாடம் ஒன்று கடைசியில் சொன்னார். "எழுதி முடித்ததும் உங்களோடு அதிகம் பழகாத ஒரு குழந்தைக்கு வாசித்துக் காட்டுங்கள். அது சிரிக்கிறதா என்று முகத்தைப் பார்க்காதீர்கள். கையைப் பாருங்கள். பக்கத்தைத் திருப்ப அந்தக் கை வருகிறதா என்று பாருங்கள்." நோட்டில் 'கையைப் பார்க்கவும்' என்று எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டேன்.

உங்கள் ஊரில் மட்டும் இருக்கிற ஒன்றை எழுதுங்கள் என்றும் சொல்லியிருந்தார். எனக்கென்ன யோசனை? 'எட்டாத ஏலக்காய்' என்று ஒரு கதை எழுதினேன். ஒரு குட்டிப் பெண். அவள் அம்மா மலைக்கு ஏலக்காய் பறிக்கப் போகிறாள். செடியோ ஆளைவிட உயரம். அம்மா ஏணி வைத்து ஏறி, நுனிக்காலில் நின்று, மேகத்துக்குப் பக்கத்தில் காய்த்த காயைப் பறிக்கிறாள். குட்டிப் பெண்ணுக்கு எட்டவே இல்லை. அம்மா அவளைத் தோளில் தூக்குகிறாள், எட்டிவிடுகிறது. இவ்வளவுதான் கதை.

உங்களில் மலைப்பக்கத்து ஆட்கள் யாராவது இருந்தால் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். என் பக்க நியாயத்தையும் கேளுங்கள். எங்கள் கடைக்கு வருவது காய்ந்த காய், சாக்கு மூட்டையில். நான் மலைப்பாதையில் போனதே இரண்டு தடவைதான், மூணாறுக்குக் கல்யாணத்துக்கு. இரண்டு தடவையும் வளைவுகளில் வாந்தி எடுத்துவிட்டுப் புளிப்பு மிட்டாயோடு கண்ணை மூடிக் கிடந்தேன். அரைக்கண்ணால் பார்த்ததில் ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் தோகை விரித்து நின்றது தெரிந்தது. அவ்வளவு உயரச் செடி உச்சியில்தானே காய்க்கும்? காயை இவ்வளவு தெரிந்தவளுக்குச் செடி தெரியாதா என்று எனக்குள் ஒரு நினைப்பு.

ஆசிரியருக்குக் கதை பிடித்திருந்தது. மூன்று தடவை திருத்தச் சொல்லி, வார்த்தைகளைப் பாதியாக்கி, கடைசியில் புத்தகமாகப் போடலாம் என்றார். சென்னையில் ஒரு ஓவியர் பென்சிலில் வரைய ஆரம்பித்தார். அப்போது ஆசிரியர் போன் செய்து, "ஓவியர் இணையத்தில் படம் பார்த்தாராம். ஏலக்காய் காய்க்கிற இடம் வேறு மாதிரி இருக்கிறது என்கிறார். ஒருமுறை சரிபார்த்துச் சொல்கிறீர்களா?" என்று கேட்டார்.

அந்த நேரத்தில் நான் பேசாமல் இருந்திருக்கலாம். "மேடம், நெட்டுல ஆயிரம் கெடக்கும். நான் போடிக்காரி! ஏலக்காய்லயே பொறந்து வளந்தவ. தைரியமா வரையச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்த வீட்டுக்காரரை ஒரு பார்வை வேறு பார்த்தேன்.

பென்சில் படங்கள் போனில் வந்தன. என்ன அழகு! என் ஏணி, என் மேகம், என் அம்மா. ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்துப் பார்த்துக் கண் கலங்கிவிட்டது. "திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் சரி என்று சொல்லிவிடுங்கள். அதற்கப்புறம் அவர் வண்ணம் தீட்ட ஆரம்பித்துவிடுவார், மாற்ற முடியாது" என்றார் ஆசிரியர். ஜெராக்ஸ் கடையில் படிகள் எடுத்து, நடுவில் நூல் போட்டுத் தைத்து ஒரு மாதிரிப் புத்தகம் செய்தேன். பழகாத குழந்தைக்கு வாசித்துக் காட்டுவதுதான் பாக்கி.

எங்கள் தெருக்கடைசி வீட்டுக்கு அப்போதுதான் ஒரு குடும்பம் குடிவந்திருந்தது. அந்த வீட்டுப் பெண் தினமும் விடிவதற்குள் ஜீப்பில் மலையேறித் தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு, சாயங்காலம் இறங்கி வருவாள். அவளுடைய மகள் இரண்டாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் பிள்ளையைக் கடலை மிட்டாய் காட்டி எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டேன். ஏலக்காய் பறிக்கிறவள் மகளுக்கே ஏலக்காய்க் கதை, சந்தோஷத்தில் குதிக்கப்போகிறது என்று நினைத்தேன்.

முதல் பக்கம், இரண்டாம் பக்கம், கை தானாக வந்து திருப்பியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏணிப் பக்கம் வந்ததும் அந்தக் கை நின்றது. உள்ளங்கையை அப்படியே படத்தின் மேல் வைத்து அழுத்திக்கொண்டது.

"இது ஏலக்கா இல்ல" என்றது பிள்ளை.

"ஏலக்காதான் கண்ணு. அந்தா பாரு, அம்மா பறிக்கிறாக."

"எங்கம்மா ஏணியில ஏறாது. எங்கம்மா ஒக்காந்துதேன் எடுக்கும்."

அப்போதாவது நான் நிதானித்திருக்க வேண்டும். கையைப் பார்க்கவும் என்று அடிக்கோடு போட்டவள்தானே! எனக்கோ எரிச்சல் வந்துவிட்டது. "அது வேற தோட்டமா இருக்கும். நீ கதையைக் கேளு" என்று சொல்லி, அந்தச் சின்னக் கையை எடுத்து ஒதுக்கிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தது. எழுந்து ஓடிப்போய்விட்டது. செருப்பையும் கடலை மிட்டாயையும் விட்டுவிட்டே போனது.

சாயங்காலம் அந்தச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருக்கடைசிக்குப் போனேன். போகும்போது புத்தகத்தையும் எடுத்துக்கொண்டேன், அம்மாக்காரியாவது என் பக்கம் பேசுவாள் என்று. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தை வாங்கி, ஏணிப் பக்கத்தைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"ஐயோ அக்கா! ஏலக்காய ஏணி போட்டா எடுப்பாக? தேங்கான்னு நெனச்சுட்டீகளா?"

அவள் சிரித்த சிரிப்பில் நானும் சிரிக்கத்தான் பார்த்தேன். முடியவில்லை. நாளைக்குச் சாயங்காலம் கெடு, படம் எல்லாம் வரைந்தாகிவிட்டது, போடிக்காரி என்று மார்தட்டியாகிவிட்டது. என் முகத்தைப் பார்த்ததும் அவள் சட்டென்று அடங்கிவிட்டாள்.

"மெய்யாவே பாத்ததில்லையாக்கா?"

"இல்லை" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு அவ்வளவு நேரம் பிடித்தது.

"அப்ப காலையில வெரசா கெளம்பி வாங்க. ஜீப்புல ஒரு எடம் இருக்கு. தோட்டக்காரரு ஒண்ணுஞ் சொல்ல மாட்டாரு. இவளுக்கும் லீவுதேன், இவளயும் கூட்டிட்டுத்தேன் போறேன்."

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, குளிரில் சால்வையைச் சுற்றிக்கொண்டு ஜீப்பு நிற்கிற இடத்துக்குப் போனேன். எத்தனை பெண்கள்! தூக்குச்சட்டி, இடுப்பில் கட்டச் சாக்கு, தலையில் துண்டு. பதினான்கு வருடமாக நான் தூங்கி எழுவதற்கு முன்பே இவர்கள் எல்லாரும் மலையேறிப் போயிருக்கிறார்கள். ஜீப்பில் நெருக்கிப் பிடித்து உட்கார்ந்ததில் அந்தப் பிள்ளைக்கு என் மடியில்தான் இடம் கிடைத்தது. முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு, போடிமெட்டு வரைக்கும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு வாந்தி வந்தபோது மட்டும் தன் சட்டைப்பையிலிருந்து பாதி கடித்த புளிப்பு மிட்டாயை எடுத்து நீட்டியது. அப்போதும் முகத்தைக் காட்டவில்லை.

தோட்டத்துக்குள் இறங்கியதும் நான் செய்த முதல் காரியம், தலையைத் தூக்கிச் செடி உச்சியைப் பார்த்தது. தோகை தோகையாக இலைதான் இருந்தது. பிள்ளையின் அம்மா பின்னாலிருந்து, "அக்கா, மேல என்னத்தப் பாக்குறீக? கீழ பாருங்க" என்றாள்.

கீழே பார்த்தேன். செடியின் அடித்தூரிலிருந்து கொடி மாதிரித் தண்டு சரம் சரமாகக் கிளம்பி, மண்ணை ஒட்டிப் படர்ந்து கிடந்தது. அதில் ஊதாக் கோடு போட்ட வெள்ளைப் பூ ஒன்றிரண்டு. பூவுக்குப் பக்கத்தில், மண்ணில் புரண்டுகொண்டு, பச்சையாக, ஈரமாக, நான் பதினான்கு வருடம் விரலில் உருட்டிய அதே காய். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சொந்த வீட்டுப் பிள்ளையை அது பிறந்த இடத்தில் போய் அப்போதுதான் பார்க்கிறேன்.

நானும் ஒரு சாக்கைக் கட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்தேன். முற்றிய காயை மட்டும் எடுக்க வேண்டும், பிஞ்சில் கை படக் கூடாது, பூ உதிரக் கூடாது. ஒரு தூர் முடிந்தால் எழுந்திருக்காமல் அப்படியே நகர்ந்து அடுத்த தூர். அரை மணி நேரத்தில் என் முழங்கால் இரண்டும் கழன்றுவிட்டது. அந்தப் பெண்கள் சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருப்பார்களாம். சாப்பாட்டுக்கு எழுந்திருக்கும்போது பிள்ளையின் அம்மா ஒரு ஏலச்செடித் தட்டையைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, ஒவ்வொரு காலாக நிமிர்த்தினாள். அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. என் புத்தகத்தில் நான் அவளை ஏணியில் ஏற்றி, நுனிக்காலில் நிறுத்தி, மேகத்தைத் தொட வைத்திருந்தேன். வெட்கத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி எல்லாரும் குந்தினார்கள். பிள்ளை அதுவரை ஒரு பாறை மேல் இலைகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தது. விளையாட்டு சலித்ததும் அம்மாவிடம் ஓடி வந்தது. அம்மா உட்கார்ந்திருந்தாள், இது நின்றது. தோளும் தோளும் ஒரே மட்டம். அம்மா குனியவில்லை, பிள்ளை எம்பவில்லை. பக்கத்தில் நின்று காதில் என்னவோ ரகசியம் சொன்னது. கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டது. அம்மா கை நிற்காமல் காய் எடுத்துக்கொண்டே சிரித்தாள்.

பிள்ளை திரும்பி என்னைப் பார்த்தது. அன்றைக்கு முதன்முதலாக என்னிடம் வாய் திறந்தது.

"இங்க மட்டுந்தேன் எங்கம்மாவும் நானும் ஒரே ஒசரம்."

நான் காயைக் கீழே போட்டுவிட்டேன். நேற்று அந்தக் கையை ஒதுக்கியபோது எதை ஒதுக்கினேன் என்று அப்போதுதான் புரிந்தது. அம்மா ஏணியில் ஏறிவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அம்மா எட்டாமல் போய்விடுவாளே! அதன் கையில் இருந்த ஒரே உயரத்தை நான் பிடுங்கப் பார்த்திருக்கிறேன், அழகான படம் என்று நினைத்துக்கொண்டு.

போனில் டவர் கிடைக்கும் மேட்டுக்கு ஏறிப் போய் ஆசிரியரைக் கூப்பிட்டேன். மணி மூன்றாகிவிட்டது. "மேடம், ஏணி தப்பு. உச்சி தப்பு. எல்லாமே தப்பு. எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி சொல்லிவிட்டேன்" என்றேன். போச்சு, என் புத்தகம் இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

"ஓவியர் பதினாறு பக்கமும் வரைந்துவிட்டார்" என்றார் மெதுவாக.

"தெரியும் மேடம்."

"சரி, அங்கே என்ன பார்த்தீர்கள்?"

பிள்ளை சொன்னதை அப்படியே சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டாமல். அப்புறம், "கடைசிப் பக்கம் கிடைத்துவிட்டது. அதற்கு முன்னால் இருப்பதை எல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதுங்கள். ஆனால் ஓவியரிடம் நீங்களே பேச வேண்டும்" என்று சொல்லிவிட்டு எண்ணைக் கொடுத்தார்.

ஓவியரிடம் பேசியதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். அவர் கோபப்படவே இல்லை. "நானும் சந்தேகப்பட்டேங்க. நீங்க போடிக்காரங்கன்னு சொன்னதால நம்பிட்டேன்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மறுவாரம் அவரே போடிக்கு வந்து, அதே ஜீப்பில் மலையேறி, மண்ணில் உட்கார்ந்து வரைந்துகொண்டு போனார்.

புதுக் கதையில் மொத்தமே முப்பது, நாற்பது வார்த்தைகள்தான் இருக்கும். வீட்டில் அம்மா உயரம், பஸ்சில் அம்மா உயரம், கடைவீதியில் அம்மா உயரம், அண்ணாந்து அண்ணாந்து பிள்ளைக்குக் கழுத்து வலிக்கிறது. கடைசிப் பக்கத்தில் ஏலத்தோட்டம். அதில் ஏலக்காய் எங்கே காய்க்கிறது என்று நான் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அதைப் படம் பார்த்துக்கொண்டது.

புத்தகம் அச்சாகி வருவதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. முதல் பிரதியை எடுத்துக்கொண்டு தெருக்கடைசி வீட்டுக்குத்தான் ஓடினேன். பிள்ளை அதற்குள் நன்றாக வளர்ந்திருந்தது. தானே எழுத்துக்கூட்டிப் படித்தது. நான் மூச்சு விடாமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக்கொண்டே போனது. கடைசிப் பக்கத்தில், தோளோடு தோளாக நிற்கும் அந்த இரண்டு பேரின் மேல் போய் உள்ளங்கையை வைத்துக்கொண்டது. எனக்குப் பகீரென்றது.

"என்னடா, தப்பா இருக்கா?"

"இல்ல பெரியம்மா. இப்ப நான் வளந்துட்டேன். எங்கம்மா ஒக்காந்தா நாந்தேன் ஒசரம்" என்றது. சொல்லிவிட்டுக் கையை எடுக்கவே இல்லை. அதன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போது அவர்கள் ராசிங்காபுரம் பக்கம் வீடு மாறிப் போய்விட்டார்கள். அந்தத் தெருக்கடைசியைத் தாண்டும்போதெல்லாம் அந்த மார்கழிக் குளிரும் ஜீப்பும் பாதி கடித்த புளிப்பு மிட்டாயும் ஞாபகம் வந்து மனசு என்னமோ செய்கிறது. ஏணி போட்ட அந்த மாதிரிப் புத்தகத்தை நான் கிழிக்கவில்லை. அச்சான புத்தகத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். அடுத்த கதை எழுத உட்காரும்போதெல்லாம் என் தாளின் மேல் ஒரு சின்ன உள்ளங்கை இருக்கிற மாதிரியே தோன்றும். அது தானாக எடுக்கிற வரைக்கும் நான் பக்கத்தைத் திருப்புவதில்லை.